செட்டிநாட்டு வீட்டில் கீசர் மக்கர் செய்தால்: மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் பார்க்க வேண்டியவை

கீசரில் சுடுதண்ணீர் வரவில்லை என்றதும் நம்மூரில் முதலில் மெக்கானிக்குக்கு போன் போடுவோம். அவர் வந்ததும் முதலில் கீசரின் அடிமூடியைக் கழற்றுவார். இரண்டுக்கும் நடுவில் பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது. காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கத்து வீடுகளில் கீசர் கெடுவதற்குக் காரணம் பெரும்பாலும் வெளியில்தான் இருக்கும்: உப்புத் தண்ணீர், பழைய வயரிங், மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் வீடு, பின்கட்டு வரை நீண்டு போகும் குழாய். இதில் எது என்று பார்க்காமல், தண்ணீரைச் சூடாக்கும் கம்பியான காயிலை மட்டும் மாற்றினால், அடுத்த பொங்கலுக்கு அந்தக் காயிலும் போகும்.

அதனால் இங்கே வெளியிலிருந்து உள்ளே போகலாம். காசு செலவில்லாத சோதனைகள் முதலில், கழற்ற வேண்டியவை கடைசியில். பெரும்பாலான வீடுகளில் இருக்கும் 10, 15, 25 லிட்டர் மின்சார கீசரை வைத்துத்தான் சொல்கிறேன். கேஸ் கீசர், சோலார் பற்றிக் கடைசியில் வருகிறது.

தொடுவதற்கு முன்

கீசர் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. மெயின் போர்டில் கீசருக்குப் போகும் எம்.சி.பி.யையும் இறக்கிவிடுங்கள். பழைய வீடுகளில் சுவிட்சை நியூட்ரலில் மாட்டி வைத்திருப்பது உண்டு. அப்படியிருந்தால் சுவிட்ச் அணைந்திருந்தாலும் கீசருக்குள் கரண்ட் நிற்கும்.

குழாயைத் தொட்டால் லேசாகச் சுருக்கென்று அடிக்கிறதா? அதோடு எல்லாவற்றையும் நிறுத்துங்கள். எம்.சி.பி.யை இறக்கி, வீட்டில் யாரும் அந்தக் குளியலறைக்குள் போகாமல் பார்த்துக்கொண்டு, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். "ஈரக் கையோட தொட்டா அப்படித்தான் இருக்கும்" என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டாம். காயில் வெடித்துத் தண்ணீருக்குள் கரண்ட் கசிகிறது, அதை இழுத்துக்கொண்டு போக ஒழுங்கான எர்த்தும் இல்லை என்று அர்த்தம்.

எர்த்து விஷயத்தில் நம் பக்கத்து வீடுகளுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். மரச்சட்டத்துக்குள் ஓடும் பழைய வயரிங்கில் பெரும்பாலும் இரண்டு வயர்தான் இருக்கும், எர்த்து வயரே இருக்காது. பின்னாளில் குளியலறை கட்டியபோது மூன்று ஓட்டை பிளக் மாட்டியிருப்பார்கள். அந்த மேல் ஓட்டைக்குப் பின்னால் வயர் ஏதும் போகிறதா என்பதை எலக்ட்ரீஷியனைக் கொண்டு பார்த்தால்தான் தெரியும். எர்த்துக் குழி இருந்தாலும், செம்மண்ணும் செம்பறாங்கல்லுமான தரையில் கோடையில் குழி காய்ந்துபோய் எர்த்து பலமிழந்துவிடும். மாதம் ஒருமுறை இரண்டு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்லி வைப்பது நல்லது. இதோடு, 30 மில்லி ஆம்பியர் கரண்ட் கசிந்தாலே டிரிப் ஆகும் ஆர்.சி.சி.பி. ஒன்றும் கட்டாயம் வேண்டும். கீசர் வாங்கக் காசு இருக்கிறவர்கள் இதில் மிச்சம் பிடிக்கக்கூடாது.

கீசருக்குள் என்ன நடக்கிறது

இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் பாதிப் பழுது தானாகப் பிடிபடும். நீல வளையம் போட்ட குழாய் வழியாகப் பச்சைத் தண்ணீர் கீசரின் அடியில் நுழைகிறது. சூடானது மேலே ஏறி நிற்கிறது. நீங்கள் குழாயைத் திறக்கும்போது, உள்ளே வரும் பச்சைத் தண்ணீர்தான் மேலே இருக்கும் சுடுதண்ணீரைச் சிவப்பு வளையக் குழாய் வழியாக வெளியே தள்ளுகிறது. உள்ளே வராவிட்டால் வெளியேயும் வராது. தெர்மோஸ்டாட் என்பது, தண்ணீர் குறித்த சூட்டை எட்டியதும் காயிலை நிறுத்துகிற சாதனம். அது கோளாறாகிச் சூடு எல்லை மீறினால், கரண்ட்டைத் துண்டித்துக் காப்பாற்றக் கட்-அவுட் இருக்கிறது. கட்-அவுட்டும் வேலை செய்யாமல் உள்ளே அழுத்தம் ஏறினால் சேஃப்டி வால்வு திறந்துகொள்ளும்.

முதல் படி: எந்த மாதிரி மக்கர்?

"ஆச்சி, ஹீட்டர் ஓடலை" என்று வீட்டைப் பார்த்துக்கொள்பவர் போனில் சொன்னால், அடுத்து இரண்டு கேள்வி கேளுங்கள். சிவப்பு விளக்கு எரிகிறதா? பக்கத்தில் பச்சைத் தண்ணீர்க் குழாய் வேகமாக வருகிறதா? இந்த இரண்டு பதிலை வைத்தே எந்தப் பக்கம் தேட வேண்டும் என்று முடிவு செய்துவிடலாம்.

விளக்கே எரியவில்லை என்றால் கரண்ட் பக்கம் தேட வேண்டும். விளக்கு எரிகிறது, தண்ணீர் பச்சையாகவே இருக்கிறது என்றால் காயில் பக்கம். தண்ணீர் சூடாக இருக்கிறது, ஆனால் நூலாக வருகிறது என்றால் குழாய் பக்கம். முதலில் சூடாக வந்து சீக்கிரமே ஆறிவிடுகிறது என்றால் அது கலப்புப் பிரச்சினையாகவோ உங்கள் எதிர்பார்ப்புப் பிரச்சினையாகவோ இருக்கலாம். எதிர்பார்ப்பை முதலில் முடித்துவிடுவோம்.

15 லிட்டர் கீசரை 60 டிகிரிக்குச் சூடாக்கி, 28 டிகிரித் தண்ணீரோடு கலந்து 40 டிகிரியில் குளித்தால், கணக்குப்படி மொத்தம் 40 லிட்டர் கிடைக்கும். அதாவது பெரிய வாளியில் இரண்டு. உள்ளே வரும் பச்சைத் தண்ணீர் கொஞ்சம் கலப்பதால் நடைமுறையில் இன்னும் குறையும். விசேஷத்துக்கு வந்த பத்துப் பேர் ஒருவர் பின் ஒருவராகக் குளித்தால் மூன்றாமவருக்குச் சுடுதண்ணீர் இல்லாமல் போவது பழுது அல்ல. 2000 வாட் காயில் 15 லிட்டரை மறுபடி சூடாக்க 17 நிமிடம் எடுக்கும், 25 லிட்டர் என்றால் 28 நிமிடம். இந்த நேரம் கொடுத்தும் சூடாகவில்லை என்றால்தான் பழுது.

உடனடி கீசர் எனப்படும் 3 லிட்டர் ரகத்துக்கு வேறு கணக்கு. 3000 வாட்டில் நிமிடத்துக்கு மூன்றரை லிட்டர் வரைதான் 28 டிகிரியை 40 ஆக்க முடியும். குழாயை முழுக்கத் திறந்தால் வெதுவெதுப்பாகத்தான் வரும். குழாயைக் குறைத்துத் திறந்து பாருங்கள், பல வீடுகளில் "பழுது" அங்கேயே சரியாகிவிடும்.

இரண்டாம் படி: கரண்ட்

எம்.சி.பி. இறங்கியிருக்கிறதா, ஆர்.சி.சி.பி. இறங்கியிருக்கிறதா என்று தனித்தனியாகப் பாருங்கள், இரண்டுக்கும் காரணம் வேறு. எம்.சி.பி. இறங்கினால் அதிக லோடு அல்லது ஷார்ட். ஆர்.சி.சி.பி. இறங்கினால் எங்கோ கரண்ட் கசிகிறது. கீசர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஆர்.சி.சி.பி.யை ஏற்றுங்கள். நிற்கிறதா? பிளக்கை மாட்டி சுவிட்சைப் போட்டதும் மறுபடி விழுகிறதா? அப்படியானால் கீசர் காயில்தான். தண்ணீர் இறங்கி நனைந்த வயராகவும் இருக்கலாம். "அது சும்மா சும்மா விழுது" என்று ஆர்.சி.சி.பி.யையே சுற்றிக்கொண்டு நேர் இணைப்புக் கொடுத்துவிட்டுப் போகும் ஆட்கள் உண்டு. அப்படிப்பட்டவரை மறுபடி வீட்டுக்குள் விடாதீர்கள்.

அடுத்து பிளக். 2000 வாட் கீசர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும், 3000 வாட் என்றால் 13 ஆம்பியர். இதற்கு 16 ஆம்பியர் பெரிய பிளக் பாயின்ட்டும், குறைந்தது 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரும் வேண்டும். கரண்ட்டை நிறுத்திவிட்டு பிளக்கைப் பிடுங்கி அதன் கால்களைப் பாருங்கள். பழுப்பாகவோ கருகியோ இருந்தால், பிளக் உருகிய வாடை வந்தால், பிளக்கையும் சாக்கெட்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதையும் கருக்கிவிடும். எக்ஸ்டென்ஷன் பெட்டியில் கீசர் ஓட்டுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

மூன்றாவது, வோல்டேஜ். விளக்கு எரிகிறது, கீசரும் சூடாகிறது, ஆனால் வழக்கத்தைவிட ரொம்ப நேரம் எடுக்கிறது என்றால் இதைப் பாருங்கள். 230 வோல்ட்டில் 2000 வாட் கொடுக்கும் காயில், 180 வோல்ட்டில் 1225 வாட்தான் கொடுக்கும். 17 நிமிட வேலை 27 நிமிடமாகும். வோல்டேஜ் இறங்கியது 22 சதவீதம்தான் என்றாலும் சூடு கிட்டத்தட்ட 39 சதவீதம் குறைந்துவிடுகிறது. கடைக்கோடி கிராமங்களில் பம்புசெட்டுகள் ஓடும் நேரத்தில் மின்விசிறி மந்தமாகச் சுற்றுவதைப் பார்த்தாலே தெரிந்துவிடும். காயிலை மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது. மின்வாரியத்தில் எழுதிக் கொடுங்கள், அதுவரை வோல்டேஜ் நன்றாக இருக்கும் நேரத்தில் தண்ணீரைச் சூடாக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

காயில் உயிரோடு இருக்கிறதா என்று அடிமூடியைத் திறக்காமலே பார்க்க ஒரு வழி இருக்கிறது. வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஆறிய கீசரை மட்டும் போடுங்கள். மின் மீட்டரில் மினுக்கும் சின்ன விளக்கைக் கவனியுங்கள். விறுவிறுவென்று மினுக்கினால் காயில் வேலை செய்கிறது. கீசரில் சூடாவதைக் காட்டும் விளக்கு எரிந்தும் மீட்டர் அசையாமல் இருந்தால் காயில் போய்விட்டது என்றே எடுத்துக்கொள்ளலாம். எலக்ட்ரீஷியன் மீட்டர் வைத்துச் சோதித்தால் 2000 வாட் காயிலில் 26 ஓம் அளவில் காட்ட வேண்டும், 3000 வாட்டில் 17 அல்லது 18. ஒன்றுமே காட்டாவிட்டால் காயில் அறுந்திருக்கிறது.

பவர் விளக்கு எரிந்து, சூடாவதைக் காட்டும் விளக்கு மட்டும் எரியாமல் தண்ணீர் பச்சையாக இருந்தால் தெர்மோஸ்டாட்டோ கட்-அவுட்டோ காரணம். கட்-அவுட் சில மாடல்களில் அடிமூடிக்குள் ஒரு சின்னப் பொத்தானாக இருக்கும். எலக்ட்ரீஷியன் கரண்ட்டை நிறுத்திவிட்டு அதை அழுத்தினால் டிக் என்று உட்காரும். ஒருமுறை அழுத்திச் சரியானால் சரி. மறுபடியும் விழுந்தால் அழுத்திக்கொண்டே இருக்கக் கூடாது. தெர்மோஸ்டாட் நிறுத்தாமல் தண்ணீரைக் கொதிக்க விடுகிறது, கட்-அவுட் உங்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. தெர்மோஸ்டாட்டை மாற்றுங்கள்.

மூன்றாம் படி: தண்ணீர் வரத்து

பச்சைத் தண்ணீர் நன்றாக வந்து சுடுதண்ணீர் மட்டும் நூலாக வந்தால், முதலில் கீசருக்குக் கீழே, தண்ணீரைத் திறந்து மூடும் ஆங்கிள் காக் முழுக்கத் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளையடிக்க வந்தவர்கள் மூடிவிட்டுப் போயிருக்கலாம். அப்புறம் குழாய் முனையில் இருக்கும் வலையைக் கழற்றிக் கழுவுங்கள், ஷவர் தலையையும் கழற்றிப் பாருங்கள். வெள்ளைச் சில்லுகள் இருந்தால் அது உப்பு, கீசருக்குள்ளிருந்து வருகிறது. அதற்கு ஐந்தாம் படி. இரண்டு குழாயுமே நூலாக வந்தால் கீசரை விட்டுவிட்டு மாடித் தொட்டியைப் பாருங்கள். தொட்டி பத்து மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் ஒரு பார் அழுத்தம் கிடைக்கும். ஒற்றை மாடி வீட்டில் அதில் பாதிகூட வராது.

வெதுவெதுப்பாகவே வருகிறது என்ற புகாருக்கு ஓர் அருமையான சோதனை இருக்கிறது. செலவில்லை, ஆனால் யாரும் செய்வதில்லை. கீசர் கரண்ட்டை அணையுங்கள். கீசருக்குள் தண்ணீர் போகும் காக்கை மூடுங்கள். இப்போது சுடுதண்ணீர்க் குழாயை மட்டும் திறங்கள். கொஞ்சம் வடிந்துவிட்டு நின்றுவிட வேண்டும். நிற்காமல் வந்துகொண்டே இருந்தால், எங்கோ ஒரு மிக்சர் குழாய் வழியாகப் பச்சைத் தண்ணீர் சுடுதண்ணீர்க் குழாய்க்குள் புகுந்து கலக்கிறது. இரண்டு திருகும் திறந்திருக்க, முனையில் கைஷவரை மட்டும் நிறுத்தி வைத்திருக்கும் மிக்சர்களில் இது சாதாரணம். இன்னொரு குளியலறையில் இருக்கும் மிக்சர்கூட இதைச் செய்யும். அந்த மிக்சரைச் சரிசெய்தால் போதும். சோதனை முடிந்ததும் காக்கை மறக்காமல் திறந்து, குழாயில் தண்ணீர் முழுவீச்சில் வந்த பிறகே கரண்ட்டைப் போடுங்கள்.

மாட்டிய நாளிலிருந்தே ஒரு செம்பு சூடாகவும் மீதி வெதுவெதுப்பாகவும் வருகிறதென்றால், நீலக் குழாயையும் சிவப்புக் குழாயையும் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். மேலே வளையத்தின் நிறத்தைப் பார்த்து, குழாய் எங்கே போகிறதென்று கையால் தொடர்ந்து போய்ப் பாருங்கள்.

நான்காம் படி: குழாயின் நீளம்

முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, பின்கட்டு என்று தெருவிலிருந்து பின் தெரு வரை ஓடும் வீட்டில் குளியலறைகள் பின்னாளில் வந்தவை. ஒரு பக்க அறையில் ஒன்று, பின்கட்டில் ஒன்று என்று ஒட்ட வைத்திருப்பார்கள். கீசர் ஓரிடம், குளிக்கும் இடம் வேறிடம். சூடு தாங்கும் பிளாஸ்டிக்கான சிபிவிசியில், அரை அங்குலக் குழாயில் மீட்டருக்கு 0.12 லிட்டர் தண்ணீர் நிற்கும். 20 மீட்டர் ஓடினால் கிட்டத்தட்ட இரண்டரை லிட்டர் ஆறிய தண்ணீர் வந்த பிறகுதான் சுடுதண்ணீர் முகத்தைக் காட்டும். பழைய இரும்புக் குழாய் என்றால் நாலு லிட்டர், அதோடு இரும்பே கொஞ்சம் சூட்டைக் குடித்துவிடும். குழாயை மூடியதும் அதே அளவு சுடுதண்ணீர் வழியிலேயே ஆறுகிறது. நீங்கள் கரண்ட் கட்டணம் கட்டியது அதற்கும் சேர்த்துத்தான்.

என் யோசனை: பெரிய கீசர் ஒன்றை நடுவில் வைத்துக் குழாயை இழுப்பதைவிட, குளியலறைக்கு ஒரு சின்ன கீசர் நல்லது. இழுத்தே ஆக வேண்டுமென்றால் சிபிவிசியில் இழுத்து, மேலே காப்புறை போடுங்கள். சாதாரண பிவிசி குழாயைச் சுடுதண்ணீருக்குப் போட்டால் 60 டிகிரியில் இளகி, இணைப்பில் விட்டுவிடும்.

கீசர் மாட்டும் சுவரும் முக்கியம். தண்ணீரோடு 15 லிட்டர் கீசர் 25 கிலோவைத் தொடும். நம் வீட்டுச் சுவரின் சுண்ணாம்புப் பூச்சு பல அடுக்காக இருக்கும். பூச்சுக்குள்ளேயே போல்ட் நின்றுவிட்டால் ஒருநாள் பூச்சோடு கீசரும் இறங்கும். செங்கல்லை எட்டும் அளவுக்கு நீளமான ஆங்கர் போல்ட் போடச் சொல்லுங்கள். பின்னாளில் எழுப்பிய மெல்லிய தடுப்புச் சுவரில் மாட்ட வேண்டாம்.

ஐந்தாம் படி: உப்பு

காரைக்குடியில் சம்பை ஊற்றுத் தண்ணீரின் ருசியைப் பெருமையாகச் சொல்வோம். ஆனால் மாடித் தொட்டிக்கு ஏறுவது பெரும்பாலும் போர் தண்ணீர்தான். வாளி விளிம்பில் வெள்ளைப் படலம், சோப்பு நுரைக்காமை, குழாய் முனையில் சுண்ணாம்பு மாதிரிப் படிவு, இவை இருந்தால் கீசருக்குள்ளும் அதுவே நடக்கிறது, சூட்டினால் இன்னும் வேகமாக. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் கடினத்தன்மை (இந்த உப்பின் அளவு) லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாவிட்டால் 600 வரை. உங்கள் போர் தண்ணீரை ஒருமுறை பரிசோதனைக்குக் கொடுத்துப் பாருங்கள், எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்று தெரிந்துவிடும்.

உப்பு காயிலைச் சுற்றிக் கம்பளி போர்த்தியது போல மூடிக்கொள்கிறது. சூடு தண்ணீருக்குப் போகாமல் காயிலுக்குள்ளேயே தங்கி, கடைசியில் காயில் உறை வெடிக்கிறது. அதற்கு முன்பே அறிகுறிகள் வரும்: சூடாகும்போது பொரிப்பது போல் படபடவென்று சத்தம், வாளியில் வெள்ளைச் சில்லு, முன்னைவிட நேரம் கூடுவது, தண்ணீரின் அளவு குறைவது. சத்தத்தை அலட்சியம் செய்யாதீர்கள். அந்தக் கட்டத்தில் சுத்தம் செய்தால் காயில் பிழைக்கும்.

சுத்தம் செய்வதை எலக்ட்ரீஷியன் செய்யட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். முதல் நாள் இரவே கீசரை அணைத்து ஆற விட வேண்டும். காலையில் உள்வரும் காக்கை மூடி, காற்று நுழைய சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து, சேஃப்டி வால்வின் நெம்புகோலைத் தூக்கியோ டிரெயின் திருகு வழியாகவோ தண்ணீரை முழுக்க வடிக்க வேண்டும். அப்புறம்தான் காயில் பொருந்திய தட்டைக் கழற்ற வேண்டும். உள்ளேயிருந்து கைப்பிடி கைப்பிடியாக வெள்ளைக் கசடு வந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

காயிலை மளிகைக் கடையில் கிடைக்கும் சிட்ரிக் ஆசிட் தூளில் ஊற வைக்கலாம். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 50 முதல் 100 கிராம். வயர் மாட்டும் முனைகள் நனையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சில மணி நேரத்தில் உப்பு இளகி உதிரும். வினிகரும் ஆகும், கொஞ்சம் மெதுவாக. கக்கூஸ் கழுவும் ஆசிட்டை ஊற்றிச் சீக்கிரம் முடிக்கப் பார்ப்பார்கள், விடாதீர்கள். அது உப்போடு சேர்த்து செம்பையும் டாங்கியையும் தின்னும். ரப்பர் வாஷரைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள், பழையதை மறுபடி போட்டால் ஒரு வாரத்தில் ஒழுகும்.

இதில் நம்மூருக்கென்றே ஓர் எச்சரிக்கை. நம் வீட்டுத் தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் சிமெண்டில் வார்ப்பது. எந்த ஆசிட்டும், எலுமிச்சைச் சாறுகூட, அதன் மேற்பூச்சின் மினுமினுப்பை அரித்துத் தடம் போட்டுவிடும், தேய்த்தாலும் போகாது. கழற்றுவதற்கு முன் பிளாஸ்டிக் தாளையும் மேலே சாக்கையும் விரித்துவிடுங்கள். ஊற வைக்கும் வாளி முற்றத்துச் சிமெண்டுத் தரையில் இல்லாமல் தோட்டத்து மண்ணில் இருக்கட்டும்.

தட்டைக் கழற்றியதுதான் கழற்றினோம், ஆனோடு என்கிற மெக்னீசியக் கம்பியையும் பாருங்கள். டாங்கி துருப்பிடிக்காமல் இருக்க அந்தக் கம்பி தன்னைத்தானே அரித்துக்கொடுக்கும். பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்ற வேண்டும். உப்புத் தண்ணீரில் வருடம் ஒருமுறை பார்ப்பது நல்லது. காயிலைப் பற்றிப் பேசும் மெக்கானிக்குகள் இதைப் பற்றி வாயே திறப்பதில்லை. மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமான சிக்ரி இருக்கும் ஊர் காரைக்குடி. உலோக அரிப்பைப் பற்றி ஆராய்வதே அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. அதற்குப் பக்கத்துத் தெருவிலேயே டாங்கிகள் துருப்பிடித்து ஓட்டையாகிக்கொண்டிருக்கின்றன.

உப்பு படிவதைக் குறைக்க எளிய வழி, தெர்மோஸ்டாட்டை 75-இல் வைக்காமல் 60-இல் வைப்பது. அதற்கு மேல் போகப் போக உப்பு வேகமாகப் படியும். 60-க்கு ரொம்பக் கீழேயும் இறக்க வேண்டாம், வெதுவெதுப்பில் கிருமி வளரும். வளவில் பிடிக்கும் மழைத்தண்ணீரில் கடினத்தன்மை கிடையாது. முன்பு அண்டா அண்டாவாகப் பிடித்து வைத்தவர்கள் வெந்நீர்த் தவலையில் உப்பைச் சுரண்டும் வேலையையும் மிச்சப்படுத்தினார்கள்.

பூட்டிக் கிடந்த வீட்டைத் திறக்கும்போது

முன்னோருக்குப் படைக்கும் படைப்பு, பொங்கல், கல்யாணம் என்று வருடத்தில் சில தடவைதான் பல வீடுகள் திறக்கின்றன. கீசரை அதிகம் கொல்வது இந்தத் திறப்புதான். வந்த அலுப்பில் முதல் வேலையாகக் கீசர் சுவிட்சைப் போடுவார்கள். மாடித் தொட்டி காலி, கீசரும் காலியாகவோ பாதியாகவோ இருக்கும். தண்ணீர் இல்லாத டாங்கியில் காயில் சில நிமிடங்களில் கருகிவிடும்.

வரிசை இதுதான். மாடித் தொட்டியில் தேங்கிக் கிடந்ததை வடித்துக் கழுவி நிரப்புங்கள். கீசர் எம்.சி.பி. இறங்கியே இருக்கட்டும். சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து விடுங்கள். முதலில் காற்று சீறும், அப்புறம் துரு நிறத்தில் வரும், பிறகு தெளியும். இந்த நேரத்தில் பக்கத்தில் விளக்கோ பீடியோ வேண்டாம். நாள்பட நின்ற தண்ணீரில் ஆனோடு கம்பி ஹைட்ரஜன் வாயுவை விட்டிருக்கலாம். தெளிந்த தண்ணீர் தடையில்லாமல் ஓடிய பிறகே கரண்ட். எலி வயரைக் கடித்திருக்கிறதா, பிளக்குக்குள் குளவி கூடு கட்டியிருக்கிறதா என்றும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

அழுகிய முட்டை வாடை வந்தால் பயப்பட வேண்டாம். தேங்கிய தண்ணீரில் வளரும் ஒருவகை பாக்டீரியா ஆனோடு கம்பியோடு சேர்ந்து செய்யும் வேலை அது. ஒருமுறை முழுச் சூட்டுக்குக் கொண்டுபோய், ஒரு மணி நேரம் அப்படியே விட்டு, எல்லாவற்றையும் வடித்துவிட்டு மறுபடி நிரப்புங்கள். சூடான தண்ணீரை வடிக்கும்போது கை பத்திரம். அப்படியும் வாடை போகாவிட்டால் மெக்னீசியத்துக்குப் பதில் அலுமினியக் கலவைக் கம்பி கிடைக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

வீட்டைப் பூட்டும்போது எம்.சி.பி.யை இறக்கிவிட்டு, வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் மாதம் ஒருமுறை சுடுதண்ணீர்க் குழாயை இரண்டு வாளி ஓட விடச் சொல்லுங்கள்.

சொட்டு, ஒழுக்கு, ஆவி

சூடாகும் நேரத்தில் மட்டும் சேஃப்டி வால்வு சொட்டினால் அது பழுது அல்ல. 15 லிட்டர் தண்ணீர் சூடாகும்போது ஒரு டம்ளர் அளவு விரியும். வந்த வழியே திரும்பிப் போகமுடியாதபடி வால்வு தடுப்பதால் அது வெளியே சொட்டுகிறது. ஒரு குழாய் மாட்டி வடிகாலில் விடுங்கள். எம்-சீல் வைத்து அடைக்கவே கூடாது. அடைத்த வால்வோடு தெர்மோஸ்டாட்டும் கெட்டால் டாங்கி வெடிக்கும். நாள் முழுக்கச் சொட்டினால் வால்வை மாற்றுங்கள். பிரஷர் பம்பு போட்டிருந்தால் அதன் அழுத்தம் கீசர் பெட்டியில் எழுதியிருப்பதற்குள் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

குழாயில் ஆவி வந்தால் எம்.சி.பி.யை இறக்கிவிட்டு ஒன்றும் செய்யாமல் ஆற விடுங்கள். உள்வரும் காக்கை மூடாதீர்கள். கீசரின் அடியில் துருத் தண்ணீர் கசிந்தால் டாங்கி ஓட்டை. அதற்கு வெல்டிங் கிடையாது, வேறு கீசர்தான்.

கேஸ் கீசர்

இது குழாயைத் திறக்கும்போதுதான் பற்றிக்கொள்ளும். பற்றவில்லை என்றால் பேட்டரியை மாற்றிப் பாருங்கள், அப்புறம் தண்ணீர் வேகத்தைப் பாருங்கள். ஓட்டம் குறைந்தால் உள்ளே இருக்கும் சவ்வு தள்ளப்படாது, கேஸ் திறக்காது. மாடித் தொட்டி தாழ்வாக இருக்கும் வீடுகளில் இதுதான் வழக்கமான காரணம். நுழைவாயில் வலையில் உப்புச் சில்லும் சேரும்.

மற்றதெல்லாம் எப்படியோ போகட்டும், இதைக் குளியலறைக்குள் மாட்டாதீர்கள். மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடு சேர்ந்தால் வாடையே இருக்காது, மயக்கம் வருவதற்குள் எழுந்து கதவைத் திறக்கத் தெம்பும் இருக்காது. காற்றோட்டமான வெளிப்புறச் சுவரில் மாட்டிக் குழாயை உள்ளே இழுங்கள். சுடர் நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்தால் உடனே நிறுத்திச் சுத்தம் செய்ய வேண்டும்.

சோலார்

வெயிலுக்குக் குறைவில்லாத ஊரில் சோலார் சூடாகவில்லை என்றால், கண்ணாடிக் குழாய்களில் படிந்த செம்மண் தூசியை முதலில் துடையுங்கள். ஏதாவது ஒரு குழாய் பால் போல் வெளுத்திருந்தால் அதன் வெற்றிடம் போய்விட்டது, அதை மட்டும் மாற்றினால் போதும். டாங்கி சூடாக இருந்தும் குளியலறைக்கு வரவில்லை என்றால் குழாயில் காற்று அடைத்திருக்கும். மேலே நீட்டிக்கொண்டிருக்கும் காற்றுப் போக்கியைப் பாருங்கள். பச்சைத் தண்ணீர்த் தொட்டி சோலார் டாங்கியைவிட உயரத்தில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் சூடாகாமல் இருப்பது இயல்பு, அதற்குத்தான் உள்ளே மின்சாரக் காயில்.

பூட்டிய வீட்டில் டாங்கி வற்றிப் போய், கண்ணாடிக் குழாய்கள் காலியாக வெயிலில் காய்ந்து கிடந்தால், வந்த வேகத்தில் நண்பகலில் தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள். கொதிக்கும் கண்ணாடியில் பச்சைத் தண்ணீர் பட்டால் வரிசையாக வெடிக்கும். வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் நீங்கள் வருவதற்கு முதல் நாளே, பொழுது விடிவதற்குள் சோலாருக்குப் போகும் வால்வைத் திறந்து நிரப்பி வைக்கச் சொல்லிவிடுங்கள்.